‘தோஸ்கா’ 1953: டெம்போ, ஸ்கேல், உணர்வு – கேள்வி பதில்

இத்தாலிய இசையமைப்பாளர் புச்சீனியின் ‘தோஸ்கா’ ஓபராவை (இசை நாடகத்தை) 1953 ஆகஸ்டில் மிலானின் லா ஸ்காலா அரங்கில் பதிவுசெய்தார்கள். தோஸ்காவாக மரியா காலஸ், அவள் காதலன் கவரதோஸ்ஸியாக ஜுசெப்பே தி ஸ்டெஃபானோ, வில்லன் ஸ்கார்ப்பியாவாக தித்தோ கொப்பி பாடினார்கள். இசைக்குழுவை நடத்தியவர் விக்டர் தெ சபாத்தா. அதைக் கேட்டவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இங்கே.

கேள்வி: சார், மூன்றாம் அங்கத்தில் தி ஸ்டெஃபானோ பாடும் ‘ஏ லூச்சேவான் லே ஸ்தெல்லே’ பாட்டுக்கு, ஸ்கேலும் வேகமும் காட்டும் ஒரு ஆப் டி மேஜர் என்கிறது, இன்னொன்று பி மைனர் என்கிறது. எது சரி?

பி மைனர்தான். இரண்டுக்கும் ஒரே ஏழு சுரங்கள் என்பதால் ஆப் குழம்புகிறது. கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்குக் கிரக பேதம் என்றால் உடனே புரியும்: சங்கராபரணத்தின் தைவதத்தை ஸட்ஜமாக வைத்தால் நடபைரவி வருகிறது அல்லவா, அதே உறவுதான் இது. எந்தச் சுரத்தில் பாட்டு போய் உட்காருகிறது என்று கேளுங்கள். கிளாரினெட் தனியாக எடுக்கும் அந்த முதல் வரி பி-யில்தான் வந்து இளைப்பாறுகிறது.

கேள்வி: அதே பாட்டுக்கு மெட்ரோனோம் (ஒரே வேகத்தில் தட்டும் கருவி) வைத்துப் பார்த்தேன். இரண்டு வரிக்கு மேல் பொருந்தவே இல்லை. பாடகர் தாளம் தவறுகிறாரா?

இல்லை, தவறவில்லை. புச்சீனி எழுதியது ‘அந்தாந்தே லெந்தோ அப்பாசியோனாத்தோ மோல்தோ’. மெதுவான நடை, மிகுந்த உணர்ச்சியோடு என்று பொருள். அந்த நடைக்குள்ளேயே சொல்லுக்கு ஏற்ப இழுப்பதும் விடுவதும் இந்தப் பாணியின் உயிர். இத்தாலியில் அதற்கு ருபாத்தோ என்று பெயர். ஒரு இடத்தில் எடுத்த நேரம் இன்னொரு இடத்தில் திரும்பி வரும். சில இடங்களில் வராமலும் போகும்.

இந்தப் பாட்டில் நான் திரும்பத் திரும்பக் கேட்கும் இடம் தொடக்கம்தான். ஓவியன் கவரதோஸ்ஸி, ரோமில் சாந்த் ஆஞ்செலோ கோட்டையின் மேல்தளத்தில், விடியுமுன் உட்கார்ந்திருக்கிறான். மரண தண்டனைக்கு ஒரு மணி நேரமே மிச்சம். காதலி தோஸ்காவுக்குக் கடிதம் எழுதத் தொடங்கி, நினைவில் மூழ்கி நிறுத்திவிடுகிறான். ‘நட்சத்திரங்கள் மின்னிக்கொண்டிருந்தன’ என்று ஆரம்பிக்கும்போது அவனுக்கு மெட்டே கிடையாது. எஃப் ஷார்ப் என்ற ஒரே சுரத்தில், ஏறக்குறையப் பேசுகிறான். பி-க்கு அது பஞ்சமம். மெட்டு முழுவதும் கிளாரினெட்டிடம் இருக்கிறது. அவள் முத்தங்களை நினைக்கும் இடத்தில்தான் அந்த மெட்டைக் குரல் தன் கையில் எடுக்கிறது. தி ஸ்டெஃபானோ அந்த முதல் வரிகளைப் பாட்டாக்காமல் சொல்லாகவே விடுகிறார். ஆப் காட்டும் ஒற்றை எண்ணில் இதில் எதுவும் இல்லை.

கேள்வி: தோஸ்கா பாடும் ‘விஸ்ஸி தார்த்தே’ பாட்டுக்கு ஆப் ஏன் நிமிடத்துக்கு 80 தட்டு என்று காட்டுகிறது? அவ்வளவு வேகமாகத் தெரியவில்லையே.

இசைத்தாளில் இருப்பது 40. ஒவ்வொரு தட்டுக்குள்ளும் இசைக்குழு வாசிக்கும் அசைவுகளையும் எண்ணினால் இரட்டிப்பாகிவிடும். இவ்வளவு மெதுவான பாட்டு என்றால் ஆப் சொல்வதைப் பாதியாக்கிப் பாருங்கள்.

கேள்வி: அண்ணா, மேஜர் என்றால் மகிழ்ச்சி, மைனர் என்றால் சோகம் என்று கீபோர்டு வகுப்பில் சொல்கிறார்கள். இந்த ஓபராவுக்கும் அது பொருந்துமா?

ஓபரா தொடங்கும் முதல் மூன்று கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகளை) கேளுங்கள்: பி ஃப்ளாட், ஏ ஃப்ளாட், ஈ. மூன்றுமே மேஜர். ஆனாலும் கேட்டதும் வயிற்றைப் பிசைகிறது. மூன்றையும் சேர்த்து அடக்க எந்த ஒரு ஸ்கேலும் இல்லை; முதலாவதும் மூன்றாவதும் ஒன்றுக்கொன்று சரியாக அரை ஸ்தாயி தூரம். காலடியில் தரை நழுவுவதுபோல் இருப்பது அதனால்தான். காவல்துறைத் தலைவன் ஸ்கார்ப்பியாவின் அடையாளம் அது. அவன் மேடையில் இல்லாதபோதும் இந்தக் கார்டுகள் வந்தால் அவன் நிழல் விழுந்துவிட்டது என்று அர்த்தம். தெ சபாத்தா இவற்றை அவசரப்படுத்தாமல், ஒவ்வொன்றுக்கும் முழுக் கனம் கொடுத்து இறக்குகிறார்.

சரி, வகுப்பில் சொல்வது தொடக்கத்துக்கு உதவும். ஆனால் அடுத்தடுத்து என்ன கார்டு வருகிறது, யார் பாடுகிறார், எந்த நேரத்தில் என்பதெல்லாம் சேர்ந்துதான் உணர்வு பிறக்கிறது.

கேள்வி: சுருதியும் கீயும் ஒன்றுதானே?

இல்லை. நம் கச்சேரியில் தம்புரா ஒரே ஸட்ஜத்தில் நிற்கும். இங்கே கீ என்றால் ஆதார சுரமும் ஸ்கேலும் சேர்ந்தது; இரண்டுமே வழியில் மாறலாம். ‘விஸ்ஸி தார்த்தே’ ஈ ஃப்ளாட் மைனரில் தொடங்கி அதே ஈ ஃப்ளாட்டின் மேஜருக்குத் திரும்புகிறது. ‘ஏ லூச்சேவான்’ மெட்டு, தோஸ்கா கோட்டையிலிருந்து குதித்த பிறகு இசைக்குழு முழுவதும் சேர்ந்து முழங்க, பி மைனரில் அல்ல, ஈ ஃப்ளாட் மைனரில் வருகிறது. அவள் கேட்டே இராத மெட்டை அங்கே வைத்தது பொருந்தவில்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதில்லை. அந்த மெட்டு நம் காதில் அவன் உயிராகப் பதிந்துவிட்டது; அது திரும்புவது நமக்காக.

கேள்வி: டெனர் (உச்சக் குரல் ஆண் பாடகர்) கரூசோவின் பழைய இசைத்தட்டு ஒன்றைக் கேட்டால் ஸ்கேல் அரைச்சுரம் தள்ளி இருக்கிறதே?

இரண்டு காரணங்கள் இருக்கலாம். அந்தக் காலத்தில் எல்லாத் தட்டுகளும் நிமிடத்துக்குச் சரியாக 78 சுற்றில் பதிவாகவில்லை. ஏறக்குறைய 4½ சுற்று கூடினாலோ குறைந்தாலோ அரைச்சுரம் மாறிவிடும், கூடவே டெம்போவும். அதனால் தட்டை மட்டும் வைத்து அவர் வேகத்தை முடிவு செய்யக்கூடாது. இன்னொன்று, உச்ச சுரத்துக்காகப் பாட்டையே அரைச்சுரம் இறக்கிப் பாடும் வழக்கம் டெனர்களிடம் இருந்தது, இன்றும் இருக்கிறது.

கேள்வி: முழுதாகக் கேட்க இரண்டு மணி நேரம் ஆகுமே. எங்கே தொடங்கலாம்?

முதல் அங்கத்தின் முடிவில், ‘தே தேயும்’ என்ற தேவாலயத் துதிப்பாடல் காட்சியில் தொடங்குங்கள். தேவாலய மணிகள் பி ஃப்ளாட், எஃப் என்று இரண்டே சுரங்களில் மாறி மாறி அடிக்கின்றன. பீரங்கி ஒலிக்கிறது, பாடகர் குழு துதிக்கிறது, அதன் நடுவில் கொப்பியின் ஸ்கார்ப்பியா தன் ஆசையைச் சொல்கிறான். மோனோ (ஒற்றைத் தட ஒலி) பதிவுதான், ஆனாலும் எல்லாம் கேட்கும். அங்கே மட்டும் மணியை எண்ணிக்கொண்டு கேளுங்கள். மேலே எவ்வளவு கொந்தளித்தாலும் அது அசையாமல் அடிக்கும்.