முப்பது நோட்டிலும் ஒரே முடிவு: அறிவியல் வகுப்பில் எழுதுவது பற்றிய கேள்வி பதில்

தொடக்க வகுப்புகளில் அறிவியல் கற்பிக்கும்போது எழுத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று ஆசிரியர்களும் பெற்றோர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, முடிவு என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். பிள்ளைகள் அழகாக எழுதிக்கொள்கிறார்கள். மறுவாரம் கேட்டால் ஒருவருக்கும் நினைவில்லை.

பதில்: யோசித்தது நீங்கள், கையெழுத்துப் பழகியது அவர்கள். முப்பது நோட்டிலும் ஒரே முடிவு, அதுவும் ஒரே சொற்களில் இருந்தால், அது உங்கள் நோட்டின் முப்பது பிரதிகள்தான்.

சோதனை தொடங்கும் முன்பே பென்சிலை எடுக்கச் சொல்லுங்கள். ஒரே அளவுள்ள இரண்டு பனிக்கட்டிகள். ஒன்றைக் கம்பளித் துணியில் சுற்றுகிறோம், மற்றொன்றைத் திறந்து வைக்கிறோம். எது முதலில் உருகும்? 'நான் நினைப்பது… ஏனென்றால்…' என்று ஒரே ஒரு வாக்கியம் போதும். கம்பளி சூடு தரும் என்பது பெரும்பாலான பிள்ளைகளின் எண்ணம். ஆகவே சுற்றிய கட்டிதான் முதலில் உருகும் என்று எழுதுவார்கள். நடப்பது நேர்மாறு: கம்பளியும் அதன் இழைகளுக்கிடையே சிக்கிய காற்றும் வெளியிலிருந்து வரும் வெப்பத்தை மெதுவாக்குகின்றன, திறந்து வைத்த கட்டிதான் சீக்கிரம் கரைகிறது. எழுதி வைத்திருக்கும் பிள்ளைக்கு அது திகைப்பு. எழுதாத பிள்ளையோ, 'எனக்கு அப்போதே தெரியும்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். அந்தத் திகைப்புக்காகத்தான் எழுதச் சொல்கிறோம். கணிப்பை மட்டும் அழிக்க விடாதீர்கள். ரப்பரை வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டாலும் தவறில்லை.

கேள்வி: என் வகுப்பில் ஆறு வயதுப் பிள்ளைகள். எழுத்தே இப்போதுதான் பழகுகிறார்கள். அவர்களுக்கும் இது சரிப்படுமா?

பதில்: தாராளமாக. அந்த வயதில் படம்தான் எழுத்து. படம் வரையட்டும், இரண்டு மூன்று பாகங்களுக்குப் பெயர் குறிக்கட்டும். சொல்ல நினைத்ததை அவர்கள் வாயால் சொல்ல, நீங்கள் அப்படியே கீழே எழுதித் தாருங்கள். அவர்கள் வாக்கியத்தைத் திருத்தி எழுத வேண்டாம்.

கேள்வி: ஈரப் பஞ்சில் அவரை விதை வைத்து நாள்தோறும் குறிக்கச் சொன்னேன். 'செடி நன்றாக வளர்ந்தது' என்பதற்கு மேல் ஒருவரும் எழுதவில்லை.

பதில்: 'என்ன பார்த்தாய்?' என்ற கேள்விக்கு அவ்வளவுதான் பதில் வரும். 'நேற்று இல்லாதது இன்று என்ன இருக்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள். அளவுகோலையும் கையில் கொடுங்கள். '2 செ.மீ.' என்று எழுதியவன் நாளைக்கு மீண்டும் அளக்காமல் இருக்க மாட்டான்.

படங்களையும் கவனியுங்கள். விதையிலிருந்து முதலில் வெளியே வருவது வேர். ஆனால் பல பிள்ளைகள் முதல் நாளே இரண்டு பச்சை இலைகளை வரைந்துவிடுவார்கள். கண்ணால் கண்டதை விட்டுவிட்டு மனத்தில் இருக்கும் செடியை வரைகிறார்கள். அப்போது விதையைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, 'இந்த இலை எங்கே இருக்கிறது, காட்டு' என்றால் போதும்.

ஒன்றும் தெரியாத நாளையும் எழுத வேண்டும். கலிலியோ 1610 ஜனவரி 7 அன்று வியாழன் கோளுக்கு அருகில் மூன்று சிறு ஒளிப்புள்ளிகளைக் கண்டு குறித்துவைத்தார். இரண்டு கிழக்கே, ஒன்று மேற்கே. மறுநாள் மூன்றும் மேற்கே இருந்தன. 9ஆம் தேதி மேகம் மூடியதால் எதுவும் தெரியவில்லை. அதையும் பதிவு செய்தார். 10ஆம் தேதி இரண்டுதான் தெரிந்தன, கிழக்கே. 13ஆம் தேதி நான்கு. முதலில் அவற்றை விண்மீன்கள் என்றுதான் எண்ணினார். இரவுதோறும் வரைந்த படங்களை வரிசையாக ஒப்பிட்ட பிறகே அவை வியாழனைச் சுற்றி வருபவை என்று தெளிந்தார். நான்காம் வகுப்புக்கு இந்தப் புள்ளிப் படங்களைத் தேதி போட்டு வரைந்து காட்டி, 'என்ன நடக்கிறது என்று நினைக்கிறீர்கள்?' என்று எழுத விடுங்கள். விடையை மட்டும் உடனே சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: குளிர்ந்த நீர் உள்ள குவளையின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் ஏன் வந்தன என்பதற்கு, 'தண்ணீர் கசிந்தது' என்று என் மகள் எழுதியிருக்கிறாள். ஆசிரியர் அதை அடிக்காமல் விட்டிருக்கிறார். தவறான விடை நோட்டில் அப்படியே இருக்கலாமா?

பதில்: உங்கள் கவலை நியாயமானது. ஆனால் அந்த ஆசிரியர் செய்தது சரி, அடுத்த சோதனையையும் அவர் செய்ய வைத்தால். குவளையில் சாயம் கலந்த நீரை ஊற்றினால் வெளியே வரும் துளிகளில் நிறம் இருக்காது. குவளையை மூடி எடை போட்டு, துளிகள் படிந்த பிறகு மீண்டும் போட்டால் எடை சற்றுக் கூடியிருக்கும். உள்ளிருந்து கசிந்திருந்தால் எடை எப்படிக் கூடும்? இதற்குப் பிறகு அவளே அந்தப் பக்கத்தின் கீழே வேறு நிற மையில், 'முன்பு இப்படி நினைத்தேன், இப்போது இப்படி நினைக்கிறேன்' என்று எழுதட்டும். காற்றிலுள்ள நீராவிதான் குளிர்ந்து நீராகிறது என்பதை அப்போது சொல்லுங்கள். 'ஆவி சுருங்குதல்' என்ற கலைச்சொல்லைக் கடைசியில் கொடுத்தால் போதும். முதலிலேயே கொடுத்தால் அதை எழுதிவிட்டு யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

கேள்வி: எழுத்துப் பிழைகளைத் திருத்த வேண்டாமா?

பதில்: மொழி வகுப்பில் திருத்துங்கள். அறிவியல் நோட்டு சிவப்பு மையால் நிறைந்தால் அடுத்த முறை பிழையில்லாமல் எழுதத் தெரிந்த சொற்களை மட்டும் வைத்து எழுதுவார்கள், எண்ணமும் அந்த அளவுக்குக் குறுகும். வேர், தண்டு போன்ற முக்கியச் சொற்களைச் சுவரில் எழுதி ஒட்டிவைத்தால் பாதிப் பிழை தானே மறையும்.

கேள்வி: ஐந்தாம் வகுப்புக்கு இதைவிடக் கொஞ்சம் கனமாக எதிர்பார்க்கலாமா?

பதில்: எதிர்பார்க்க வேண்டும். கூற்று, சான்று, காரணம் என்று மூன்றையும் பிரித்து எழுதும் பழக்கத்தை அந்த வயதில் தொடங்கலாம். 'கனமான பொருள் மூழ்கும்' என்று எழுதுபவனிடம் ஒரு களிமண் உருண்டையைக் கொடுங்கள். அது மூழ்கும். அதே களிமண்ணைக் குழிவான படகாக்கினால் மிதக்கும். எடை மாறவில்லை. இனி அவன் கூற்று நிற்குமா? சான்றை எழுத எல்லோருக்கும் வந்துவிடும். அந்தச் சான்று கூற்றை எப்படித் தாங்குகிறது என்று எழுதுவதில்தான் பெரியவர்களே தடுமாறுவார்கள். எழுதும் முன் பக்கத்திலிருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க நேரம் கொடுங்கள்.

கேள்வி: 'நான் ஒரு நீர்த்துளி' போன்ற கற்பனைக் கட்டுரைகள்?

பதில்: எப்போதாவது எழுதலாம். துளி அழுதது, சிரித்தது என்று போய்விட்டால் அது மொழிப்பாடம். துளி எங்கே, எதனால் ஆவியானது என்று சொல்ல வேண்டும் என நிபந்தனை வையுங்கள்.

கேள்வி: படம் வரைய நேரமாகிறது. கைப்பேசியில் எடுத்து ஒட்டினால் போதாதா?

பதில்: கூடவே வைத்துக்கொள்ளலாம். வரைபவன் வேர் எத்தனை, எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்தே ஆக வேண்டும். படம் எடுப்பவனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

கேள்வி: நாற்பத்தைந்து பிள்ளைகள். இத்தனை நோட்டையும் எப்போது படிப்பது?

பதில்: எல்லாவற்றையும் படிக்க வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம். நாளுக்கு ஐந்தாறு நோட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி மட்டும் எழுதுங்கள்: 'எப்படித் தெரிந்தது?', 'எத்தனை முறை பார்த்தாய்?' என்பதுபோல. மறுநாள் வகுப்புத் தொடங்கியதும் அதற்குப் பதில் எழுத இரண்டு நிமிடம் கொடுங்கள். அந்த நேரம் கொடுக்காவிட்டால் உங்கள் கேள்வியை யாரும் படிக்கக்கூட மாட்டார்கள்.