இருபத்து நான்கு சொற்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பணத்தை அரசின் பிடியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று பொருளாதார அறிஞர் ஹாயெக் 1976-இல் எழுதினார். பிட்காயின் அதை நிறைவேற்றிவிட்டது. யாரையும் நம்பத் தேவையில்லாத பணம். தனிமனித சுதந்திரத்தைப் பற்றி இவ்வளவு எழுதும் நீங்கள் இதை மட்டும் ஏன் கண்டுகொள்வதில்லை?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இந்த வாரம் முழுக்க இறந்துபோன ஒரு நண்பரின் நினைவாகவே இருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

ஹாயெக் கேட்டது வேறு. தனியார் வங்கிகள் போட்டி போட்டுப் பணம் வெளியிடட்டும், மதிப்பு நிலையாக நிற்கும் பணத்தை மக்கள் தேர்ந்தெடுப்பார்கள் என்றார். நாளுக்கொரு விலை காட்டும் ஒன்றுக்கு அவரைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். படித்துவிட்டு எழுதுங்கள்.

பணத்தின் மேல் பிடி வைத்திருப்பவர்கள் மீது உங்களுக்குள்ள சந்தேகங்கள் எனக்கும் உண்டு. 2010 டிசம்பரில் எந்த நீதிமன்றத் தீர்ப்பும் இல்லாமலே விசா, மாஸ்டர்கார்டு, பேபால் மூன்றும் ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளத்துக்கு நன்கொடை போகும் வழியை அடைத்தன. மறு ஆண்டு அது பிட்காயினில் நன்கொடை பெற்றபோது மகிழ்ந்தவன் நான்.

ஆனால் 'யாரையும் நம்பத் தேவையில்லை' என்கிறீர்களே, அங்கேதான் கோபம் வருகிறது. என் நண்பரும் அதையே சொல்வார். அவர் போன பிறகு அவர் மனைவி ஒரு நோட்டுத் தாளைக் கொண்டுவந்தார். பொடி எழுத்தில், எண் போட்டு, இருபத்து நான்கு ஆங்கிலச் சொற்கள். அவருடைய பிட்காயினைத் திறக்கும் சாவி அவைதான். தண்ணீர் பட்டுக் கடைசி ஏழும் நீலக் கறையாகியிருந்தன. விளக்குக்கு நேரே தாளைத் தூக்கிப் பிடித்து, "யாரிடம் போய்க் கேட்பது?" என்றார். மனுக் கொடுக்க ஓர் அலுவலகம் இல்லை, கெஞ்ச ஓர் அதிகாரி இல்லை. பணமோ உலகம் பார்க்கும் கணக்கேட்டில் அப்படியே இருக்கிறது.

2016 ஜூனில் பிட்காயின் போன்ற இன்னொரு வலையமைப்பான எத்தீரியத்தில், பலர் பணம் போட்ட 'டாவ்' என்ற நிதியிலிருந்து, அதை நடத்திய கணினி நிரலில் இருந்த ஓட்டை வழியாக, அங்குள்ள நாணயமான ஈதரில் 36 லட்சத்தை ஒருவர் உருவினார். நிரலே சட்டம் என்ற பேச்சு கொடிகட்டிப் பறந்த இடம் அது. அடுத்த மாதமே சங்கிலியை, அதாவது அந்தப் பொதுக் கணக்கேட்டை, இரண்டாகப் பிளந்து, இழந்தவர்களுக்குப் பணம் திரும்ப வழி செய்தார்கள். உடன்படாதவர்கள் எத்தீரியம் கிளாசிக் என்று பழைய சங்கிலியிலேயே நின்றார்கள். திருப்பிக் கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை. இழந்தவன் முறையிட ஒரு மனிதக் காது வேண்டும். கூட்டமாக இழந்தவர்களுக்கு அந்தக் காது கிடைத்தது. நனைந்த தாளோடு நின்ற பெண்ணுக்காக யார் சங்கிலியைப் பிளப்பார்கள்? அவர் நின்ற அந்த நிலைக்குச் சுதந்திரம் என்று பெயர் வைக்காதீர்கள், தம்பி.

உங்கள் சொற்கள் எங்கே இருக்கின்றன என்று வீட்டில் யாருக்காவது தெரியுமா? இன்று இரவே சொல்லிவிடுங்கள்.