கேள்வி–பதில்: ‘அக்செப்ட்’ கொடுத்தபின் யாரைக் கேட்பது?

கேள்வி: வீட்டிலிருந்து தீபாவளிப் பலகாரம் செய்து விற்கிறேன். டின்களில் ஒட்ட லோகோவும் லேபிளும் வேண்டும் என்று ஒரு ஃப்ரீலான்சர் தளத்தில் வெளிநாட்டு டிசைனர் ஒருவரைப் பிடித்தேன். 90 அமெரிக்க வெள்ளி. கைப்பேசியில் பார்த்தபோது நிறமும் படமும் பிரமாதமாக இருந்தன, ‘அக்செப்ட்’ கொடுத்துவிட்டேன். 1,000 ஸ்டிக்கர் அச்சாகி வந்தபின் பார்த்தால் ‘நெய் உருண்டை’யில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. திருத்தித் தர இன்னும் 60 வெள்ளி கேட்கிறார், அதையும் தளத்துக்கு வெளியே பேபாலில் அனுப்பச் சொல்கிறார். எங்கே புகார் செய்வது?
— வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: முதலில் அந்த 60 வெள்ளியை அனுப்பாதீர்கள். வெளியே அனுப்பும் பணத்துக்குத் தளம் பொறுப்பேற்காது. வெளியே பணம் கொடுப்பது இந்தத் தளங்களில் விதிமீறலும்கூட. புகார் செய்யப் போகும் நேரத்தில் உங்கள் கணக்கே முடங்கினால் யாரிடம் போவீர்கள்?

புகாரைத் தளத்தின் உதவிப் பிரிவில்தான் தொடங்க வேண்டும். ‘வேலை சரியில்லை’ என்று எழுதினால் பதில் வராது. நீங்கள் அனுப்பிய தமிழ்ச் சொற்கள், அவர் கொடுத்த கோப்பு, அச்சான ஸ்டிக்கரின் படம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த எழுத்து எங்கே நகர்ந்திருக்கிறது என்று வட்டம் போட்டுக் காட்டுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத் தமிழ் தெரியாது, அவருக்கு இரண்டும் ஒரே கோலம்தான். டிசைனர் வெளியே பணம் கேட்ட உரையாடலையும் இணையுங்கள். உங்கள் கையில் இருக்கும் பலமான ஆதாரம் அதுதான். முழுப் பணமும் திரும்பும் என்று நம்பிக்கை கொடுக்க மாட்டேன், இலவசமாகத் திருத்தித் தரவைக்க வாய்ப்பு உண்டு.

கேஸ் எனப்படும் பயனீட்டாளர் சங்கம் இதில் உதவாது. நீங்கள் வாங்கியது வியாபாரத்துக்கு, வீட்டு உபயோகத்துக்கு அல்ல. ஸ்மால் கிளெய்ம்ஸ் என்று நாம் சொல்லும் சிறு உரிமைக் கோரல் நடுவர் மன்றம் உள்ளூரில் இருப்பவருக்கு எதிராக நல்ல ஆயுதம். வெளிநாட்டில் இருப்பவருக்கு எதிராக உத்தரவே கிடைத்தாலும், அந்தக் காகிதத்தோடு எந்த ஊரில் போய் 90 வெள்ளியை வசூலிப்பது? கடன் அட்டை வங்கியிடம் சொல்லிப் பணத்தைத் திரும்ப இழுக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். செய்யலாம், ஆனால் அப்படிச் செய்தவரின் கணக்கைத் தளங்கள் மூடிவிடுவது வழக்கம்.

சரி, அடுத்த முறைக்கு. இந்தத் தளங்களில் நீங்கள் கட்டும் பணம் உடனே டிசைனர் கைக்குப் போவதில்லை, நடுவில் தளம் பிடித்து வைத்திருக்கிறது. நீங்கள் ‘அக்செப்ட்’ தட்டும்வரை உங்கள் பேச்சு எடுபடும், தட்டிய பிறகு நீங்கள் கெஞ்சுகிற ஆள். சும்மா இருந்தாலும் ஆபத்து: ஃபைவரில் வேலையை ஒப்படைத்து 3 நாள் நீங்கள் வாய் திறக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. அப்வொர்க்கில் மொத்தத் தொகை பேசிச் செய்யும் வேலைக்கு 14 நாள். தீபாவளி அவசரத்தில் 3 நாள் எங்கே போனதென்று தெரியாது. திருத்தம் வேண்டும் என்று அந்த நாட்களுக்குள் ஒரு வரி எழுதிவிட்டால் கடிகாரம் நிற்கும்.

இனி அந்தக் கொம்பு விஷயம். இது எனக்கு வருகிற கடிதங்களில் ஆண்டுதோறும் தலைகாட்டுகிறது. தமிழில் ‘நெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் கணினிக்குள் அது ‘ந’வுக்குப் பிறகுதான் பதிவாகிறது. தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் திறந்து வைக்காத டிசைன் மென்பொருள் பதிவான வரிசையிலேயே படம் வரைந்துவிடும். டிசைனர் தப்பாகத் தட்டெழுதவில்லை, நீங்கள் அனுப்பியதை அப்படியே ஒட்டியிருப்பார். ஒரு அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும் வேலை. அதற்கு 60 வெள்ளி கேட்பது அநியாயம்.

ஆகவே வேலை கொடுக்கும்போதே எழுத்தில் கேளுங்கள்: திருத்தக்கூடிய இல்லஸ்ட்ரேட்டர் கோப்பு ஒன்று, எழுத்துகளை வடிவங்களாக மாற்றிய பிடிஎஃப் ஒன்று. இரண்டாவது எந்த அச்சகத்துக்குப் போனாலும் குலையாது. முதலாவது இருந்தால், இந்த டிசைனர் காணாமல் போனாலும் சிராங்கூன் ரோடு பக்கம் தமிழ் அழைப்பிதழ் அடிக்கும் கடை ஒன்றில் கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம். அப்புறம், ‘அக்செப்ட்’ தட்டும் முன் ஒரே ஒரு ஏ4 தாளில் அச்சடித்து, வீட்டில் கண் நன்றாகத் தெரிகிற ஒருவரிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். 1,000 ஸ்டிக்கர் அதற்குப் பிறகு.

கேள்வி: மொழிபெயர்ப்பு, தமிழ்த் தட்டச்சு, வசன வரிகள் போடுவது எல்லாம் செய்வேன். சிங்கப்பூரர். நான்கு மாதமாக இரண்டு தளங்களில் கணக்கு வைத்திருக்கிறேன், ஒரு வேலையும் வரவில்லை. விலையைக் குறைத்தால் வருமா? எந்தத் தளம் நல்லது?
— வாசகி, செங்காங்

பதில்: விலையைக் குறைக்காதீர்கள். அந்தப் பந்தயத்தில் மதுரையிலும் கொழும்பிலும் உட்கார்ந்திருப்பவரோடு ஓடுகிறீர்கள். அவருக்கு வாடகையும் சாப்பாடும் ஆகிற செலவில் உங்களுக்கு எம்ஆர்டி கட்டணம்கூடத் தேறாது.

முதலில் கணக்கைப் பாருங்கள். ஃபைவரில் 200 அமெரிக்க வெள்ளிக்கு ஒரு வேலை என்றால், வாங்குபவரிடம் 5.5 சதவீதம் கூட்டி 211 வாங்குகிறார்கள், உங்களிடம் 20 சதவீதம் கழித்து 160 தருகிறார்கள். நடுவில் 51 வெள்ளி. அதிலும் அந்த 160 உங்கள் கைக்கு வர, பெரும்பாலானவர்களுக்கு வேலை முடிந்து 14 நாள் ஆகும், பிறகு சிங்கப்பூர் வெள்ளியாக மாற்றும்போது இன்னும் கொஞ்சம் உதிரும். அப்வொர்க்கில் முன்பு எல்லாருக்கும் 10 சதவீதம். 2025 மே முதல் புதிய ஒப்பந்தங்களுக்கு 0 முதல் 15 வரை, வேலையைப் பொறுத்து மாறுகிறது. அங்கே விண்ணப்பிப்பதற்கே ‘கனெக்ட்’ என்ற டோக்கன் வாங்க வேண்டும், ஒன்று 15 அமெரிக்கக் காசு. ஒரு விண்ணப்பத்துக்குப் பத்துக்கு மேல் கேட்பதும் உண்டு. வாரத்துக்கு இருபது விண்ணப்பம் கண்மூடி அனுப்பினால் பலகாரக் காசு போய்விடும். பதிவு செய்த வெளிநாட்டு இணைய நிறுவனங்கள் தங்கள் கட்டணத்தின்மேல் நம்மூர்ப் பொருள் சேவை வரி 9 சதவீதமும் சேர்க்கும். இதையெல்லாம் கூட்டித்தான் விலை சொல்ல வேண்டும்.

எந்தத் தளம் என்றால், சின்னதாக, விலை ஒட்டிய பெட்டியாக விற்கக்கூடிய வேலைக்கு ஃபைவர். ‘10 நிமிட வீடியோவுக்குத் தமிழ் வசன வரி’ என்பது அப்படிப்பட்டது. மாதக்கணக்கில் தொடரும் வேலைக்கு அப்வொர்க். அங்கே மணிக்கணக்கு ஒப்பந்தத்தில் ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உங்கள் திரையைப் படம் பிடிப்பார்கள், அந்த நேரத்தில் வாட்ஸ்அப் திறந்திருந்தால் அதுவும் படத்தில் இருக்கும். வாரக் கணக்கு முடிவது நமக்குத் திங்கள் காலை 8 மணிக்கு. 

உங்கள் சுயவிவரம் எப்படி இருக்கும் என்று பார்க்காமலே ஊகிக்கிறேன்: ‘தமிழ் மொழிபெயர்ப்பாளர், அனுபவம் உண்டு, நேரத்துக்கு முடிப்பேன்.’ அப்படி ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உங்களிடம் மட்டும் இருப்பது சிங்கப்பூர்த் தமிழ். ‘வீவக’ (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), ‘மசே நிதி’ (மத்திய சேமநிதி), ‘வட்டாரம்’, ‘வெள்ளி’ இதெல்லாம் சென்னையில் உட்கார்ந்திருப்பவருக்கு வராது. அவர் டாலர், கோர்ட், லைசன்ஸ் என்று எழுதுவார், பிரசுரம் நம் தாத்தா பாட்டி கையில் கிடைக்கும்போது நெருடும். சிங்கப்பூர், மலேசிய வாசகருக்கான தமிழ் என்று தலைப்பிலேயே போடுங்கள். இயந்திரம் மொழிபெயர்த்ததைச் சரிபார்க்கும் வேலையையும் தனியாகப் போடுங்கள், இப்போது ஆள் தேடுவது அதற்குத்தான் அதிகம். மேலே ஈசூன் வாசகி கேட்டதைப் படித்தீர்களா? அச்சுக்குப் போகும் முன் தமிழ் எழுத்து குலைந்திருக்கிறதா என்று பார்த்துத் தருவது ஒரு வேலை. அதை யாரும் விற்பதாகத் தெரியவில்லை.

‘சாம்பிளாக இரண்டு பக்கம் இலவசமாகச் செய்து காட்டு’ என்பார்கள். நான் இந்தத் தொழிலில் நுழைந்தபோது அப்படி ஒருவருக்கு இரண்டு பக்கம் செய்து கொடுத்தேன். ஆள் மாயம். பல பேரிடம் இரண்டிரண்டு பக்கமாக வாங்கி ஒரு கையேட்டையே முடித்துக்கொண்டார் என்று பிறகு புரிந்தது. பத்து வரிக்கு மேல் இலவசம் கிடையாது.

முதல் வாடிக்கையாளர் தளத்திலிருந்துதான் வர வேண்டும் என்றும் இல்லை. வாங்கி விற்கும் செயலியான கரோசெல்லில் சேவைப் பிரிவு இருக்கிறது. தெரிந்த துணிக்கடை, துணைப்பாட நிலையம், கோயில் விழாக் குழு என்று நேரில் பேசுங்கள். இரண்டு மூன்று வேலையின் மாதிரி கையில் இருந்தால் தளத்தில் எழுதும் விண்ணப்பத்துக்கே வேறு முகம் வரும். ஆனால் தளத்தில் கிடைத்த ஆளைக் கட்டணத்துக்குப் பயந்து வெளியே இழுக்காதீர்கள். அப்வொர்க் விதிப்படி இரண்டு ஆண்டுக்கு அவரோடு பணப் பரிமாற்றம் தளத்தின் வழியேதான்.

வருமானம் வந்தால் உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் காட்ட வேண்டும். செலவு போக ஆண்டுக்கு 6,000 வெள்ளிக்கு மேல் நின்றால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக்குக் கட்ட வேண்டும். அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயரிலேயே தொழில் செய்தால் வணிகப் பதிவு தேவையில்லை, ‘செந்தமிழ் சேவைகள்’ மாதிரி பெயர் வைத்தால் தேவை.

கேள்வி: கணவர் இங்கே எம்ப்ளாய்மெண்ட் பாஸில் வேலை பார்க்கிறார், நான் சார்ந்திருப்போர் அட்டையில் இருக்கிறேன். அமெரிக்க வாடிக்கையாளருக்கு வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி செய்யலாமா? பணமும் இந்திய வங்கிக் கணக்குக்குத்தான் வரும்.
— வாசகி, புங்கோல்

பதில்: மனிதவள அமைச்சிடம் கேட்காமல் வேண்டாம். 2021 மே 1 முதல் சார்ந்திருப்போர் அட்டையில் இருப்பவர் இங்குள்ள நிறுவனத்தில் வேலை பார்க்க வேண்டுமானால் தனி வேலை அனுமதி வேண்டும், அந்த அனுமதியும் ஒரு குறிப்பிட்ட முதலாளியோடு கட்டியது. வெளிநாட்டினர் இங்கே ஃப்ரீலான்ஸ் செய்ய மனிதவள அமைச்சு விடுவதில்லை. அனுமதியின்றி வேலை பார்த்தால் 20,000 வெள்ளிவரை அபராதம், இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும். பணம் எந்த நாட்டு வங்கிக்குப் போகிறது என்பதை நம்பித் துணியாதீர்கள். அமைச்சிடம் உங்கள் நிலையை எழுதிக் கேளுங்கள், செய்யலாம் என்ற பதில் கையில் இருந்தால் மட்டும் தொடங்குங்கள். கணவரும் தன் நிறுவனத்தைத் தவிர வேறெங்கும் ‘சைடில்’ செய்ய முடியாது என்பதை அவருக்கும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: டெலிகிராமில் ‘ஃப்ரீலான்ஸ் வேலை’ என்று வந்தது. வீடியோவுக்கு லைக் போட்டால் காசு. முதல் நாள் 12 வெள்ளி உண்மையாகவே பேநவ்வில் வந்துவிட்டது. இப்போது 300 வெள்ளி கட்டினால் பெரிய வேலை தருவார்களாம்.
— வாசகர், பூன் லே

பதில்: மோசடி. அந்த 12 வெள்ளி தூண்டிலில் குத்திய புழு. வேலை கொடுப்பவர்தான் பணம் தர வேண்டும், வேலை செய்பவர் அல்ல. 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். ஏற்கெனவே ஏதாவது கட்டியிருந்தால் முதலில் வங்கிக்கு, பிறகு போலிசுக்கு.

கேள்வி: உள்ளூர் நிறுவனம் ஒன்றுக்குத் திருமண மண்டப விளம்பர வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். 1,800 வெள்ளி. ஒப்பந்தம் என்று தனியாக இல்லை, பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில். ஐந்து மாதமாக ‘பாஸ் ஊரில் இல்லை’ என்கிறார்கள். வீடியோ மட்டும் அவர்கள் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது.
— வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: வாட்ஸ்அப் போதும். விலை, வேலை, ‘ஓகே, கிடைத்தது’ என்ற பதில் மூன்றும் அதில் இருந்தால் அதுவே ஒப்பந்தம். அழித்துவிடாமல் முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து வையுங்கள், கைப்பேசி மாற்றும்போது காணாமல் போவது அதுதான்.

டாடம் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் முத்தரப்பு அமைப்பு, பணம் கிடைக்காத சுயதொழில் செய்பவர்களுக்குச் சமரசப் பேச்சு நடத்திக் கொடுக்கிறது. அது கட்டாயமல்ல, எதிர்த்தரப்பு வர மறுக்கலாம். பிளாட்ஃபாரம் ஊழியர் சட்டம் வந்துவிட்டதே என்று நினைக்காதீர்கள், அது வாடகைக் கார் ஓட்டுபவர்களுக்கும் உணவு, பொருள் விநியோகம் செய்பவர்களுக்கும்.

அவர்கள் சமரசத்துக்கு வரவில்லை என்றால் சிறு உரிமைக் கோரல் நடுவர் மன்றம். 20,000 வெள்ளிவரை கோரலாம், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000. பணம் வர வேண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். தனிநபர் 5,000 வெள்ளிக்குள் கோருவதற்குக் கட்டணம் 10 வெள்ளி. வழக்கறிஞர் கிடையாது, அவர்களுக்கும் கிடையாது. அதனால் அந்த ‘பாஸ்’ ஊரில் இருந்துதான் ஆக வேண்டும், அல்லது பொறுப்பான ஆள் ஒருவரை அனுப்ப வேண்டும்.

உங்களுக்கு இன்னொரு பிடியும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2021 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த காப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன வீடியோவுக்கும் புகைப்படத்துக்கும் உரிமை, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், எடுத்தவருக்கே. முன்பு படத்தையும் வீடியோவையும் எடுக்கச் சொன்னவருக்குப் போய்க்கொண்டிருந்தது. நீங்கள் எதுவும் எழுதிக்கொடுக்கவில்லை என்கிறீர்கள். ஆகவே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: இன்ன தேதிக்குள் 1,800 வெள்ளி வராவிட்டால் நடுவர் மன்றத்தில் கோரிக்கை, வீடியோவையும் இறக்க வேண்டும். தேதியை 14 நாள் தள்ளிப் போடுங்கள். திட்டாதீர்கள், அந்த மின்னஞ்சலை நடுவரும் படிப்பார்.