படிப்பு முடிந்தது, வொர்க் பெர்மிட் இன்னும் போடவில்லை: வேலைக்குப் போகலாமா?

கேள்வி: கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு கல்லூரியில் 2023 செப்டம்பரில் இரண்டு வருட டிப்ளமோவில் சேர்ந்தேன். மூன்றாவது செமஸ்டரில் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் நடந்ததால் ஐந்து பாடங்களில் இரண்டை விட்டுவிட்டேன். நான்காவது செமஸ்டரை முழுதாகப் படித்தேன். விட்ட இரண்டையும் 2025 மே முதல் ஆகஸ்ட் வரை படித்து முடித்தேன். படிப்பு முடிந்தது என்று செப்டம்பர் 5 அன்று கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. ஸ்டடி பெர்மிட் நவம்பர் 30 வரை இருக்கிறது. நடுவில் பார்ட் டைம் படித்தவனுக்கு வொர்க் பெர்மிட் தர மாட்டார்கள் என்கிறான் அறையில் இருக்கும் நண்பன். இன்னொருவன், "180 நாள் இருக்கு, மெதுவா போடு" என்கிறான். வருகிற திங்கட்கிழமை முதல் முழு நேரம் வரச் சொல்கிறார் கடை முதலாளி. போகலாமா?

பதில்: போகாதீர்கள், தம்பி. உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது ஆபரேஷன் செமஸ்டர் இல்லை, அந்தக் கடைசி வரிதான்.

படிக்கும்போது வாரம் 24 மணி நேரம் வெளியில் வேலை செய்ய இருந்த அனுமதி, படிப்பு முடிந்தது என்ற கடிதம் வந்ததோடு நின்றுவிட்டது. பெர்மிட்டில் நவம்பர் 30 என்று அச்சாகியிருப்பது நீங்கள் இங்கே தங்குவதற்குத்தான். படிப்புக்குப் பிந்தைய வொர்க் பெர்மிட்டுக்கு, ஸ்டடி பெர்மிட் உயிரோடு இருக்கும்போதே விண்ணப்பம் போட்ட பிறகுதான், முடிவு வரும்வரை முழு நேரம் வேலை செய்யும் உரிமை வரும். கடிதத்துக்கும் விண்ணப்பத்துக்கும் நடுவில் உள்ள நாட்களில் ஒரு ஷிஃப்ட் போனாலும் அது அனுமதியில்லாத வேலை. அப்படி வேலை செய்தவருக்கு, அதை நிறுத்தி ஆறு மாதம் ஆகும்வரை வொர்க் பெர்மிட் தரக்கூடாது என்பதுதான் குடிவரவு விதிமுறையில் உள்ள பொது விதி. உங்களுக்கு இருப்பதோ கடிதம் வந்த நாளிலிருந்து 180 நாள், அதாவது 2026 மார்ச் 4 வரை. ஆறு மாதம் காத்திருந்தால் அந்தத் தேதி கடந்துவிடும். இந்த பெர்மிட் வாழ்நாளில் ஒருமுறைதான் கிடைக்கும். இரண்டு வாரச் சம்பளத்துக்காக மூன்று வருட பெர்மிட்டை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

180 நாள் கதையும் பாதிதான் உண்மை. விண்ணப்பிக்க அத்தனை நாள் உண்டு, சரி. ஆனால் ஸ்டடி பெர்மிட், படிப்பு முடிந்து 90 நாளிலோ அச்சிட்ட தேதியிலோ, எது முதலில் வருகிறதோ அதில் முடியும். உங்கள் 90 நாள் டிசம்பர் 4, அச்சிட்ட தேதி நவம்பர் 30. அப்படியென்றால் நவம்பர் 30தான் கணக்கு. அதன் பிறகு போட வேண்டுமென்றால் நாட்டை விட்டுப் போய்ப் போட வேண்டும், இல்லை கூடுதல் கட்டணம் கட்டி ஸ்டேட்டஸை, அதாவது இங்கே சட்டப்படி தங்கும் தகுதியை, மீட்டுக்கொள்ள வேண்டும். அதுவரை வேலையும் கிடையாது.

இனி அந்த மூன்றாவது செமஸ்டர். ஒவ்வொரு செமஸ்டரிலும் முழு நேர மாணவராக இருந்திருக்க வேண்டும், கடைசி செமஸ்டருக்கு மட்டும் விலக்கு என்பது விதி. ஆகவே கடைசியில் இரண்டு பாடம் மட்டும் படித்தது குற்றமில்லை. ஐந்தில் மூன்று படித்ததை நீங்களே பார்ட் டைம் என்று முடிவுகட்டிவிட்டீர்கள். முழு நேரம் எது என்பதை ஒவ்வொரு கல்லூரியும் தன் கணக்கில் வைத்திருக்கிறது. ஐந்தில் மூன்றை எப்படிப் பதிவார்கள் என்பது கல்லூரியைப் பொறுத்தது. ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்துக்குப் போய் 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை உங்களை எப்படிப் பதிந்திருக்கிறார்கள் என்று கேட்டு, செமஸ்டர் வாரியாகக் கடிதம் வாங்குங்கள். முழு நேரம் என்று இருந்தால் உங்கள் நண்பனின் பயத்துக்கு வேலையே இல்லை.

பார்ட் டைம் என்று இருந்தால் வழக்கு கொஞ்சம் கடினம். கல்லூரி அனுமதித்த விடுப்புக்கு 150 நாள் வரை இடமுண்டு, ஆனால் பாடத்தைக் குறைத்தது விடுப்பு ஆகாது. அப்போது ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் காகிதம், டாக்டர் கடிதம், பாடத்தை விட்டபோது கல்லூரிக்கு எழுதிய மின்னஞ்சல் எல்லாவற்றையும் சேர்த்து, நடந்ததை ஒரு பக்கத்தில் நேராக எழுதி விண்ணப்பத்தோடு வையுங்கள். கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. மறைப்பதுதான் பெரிய ஆபத்து. பொய்த் தகவல் என்று தீர்மானித்தால் ஐந்து வருடத் தடை. அந்த செமஸ்டரில் வெளியில் வேலை செய்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பார்ட் டைம் பதிவும் இருந்து வேலையும் செய்திருந்தால், விண்ணப்பம் போட்ட பிறகு வேலை செய்யும் உரிமைகூடக் கேள்விக்குரியதாகும். அந்த நிலையில் எதுவும் போடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். மறுப்பு வந்தால் ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போக 15 நாள்தான்.

பலர் வழுக்கி விழும் இடம் மொழித் தேர்வு. 2024 நவம்பர் 1 முதல் இது கட்டாயம். டிப்ளமோவுக்கு வாசித்தல், எழுதுதல், கேட்டல், பேசுதல் என நான்கு திறனிலும், கனடாவின் மொழித்திறன் அளவுகோலான சி.எல்.பி.யில் 5 வேண்டும். விசாவுக்காக எழுதிய ஐ.இ.எல்.டி.எஸ். அகடமிக் இதற்குச் செல்லாது. ஐ.இ.எல்.டி.எஸ். ஜெனரல், செல்பிப் ஜெனரல், பி.டி.இ. கோர் ஆகிய ஆங்கிலத் தேர்வுகளில் ஒன்று, இரண்டு வருடத்துக்குள் எழுதியதாக இருக்க வேண்டும். இன்றே தேதி பதியுங்கள், நவம்பரில் இடம் கிடைப்பது லேசில்லை. பாஸ்போர்ட்டையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அது முடியும் தேதியைத் தாண்டி வொர்க் பெர்மிட் தர மாட்டார்கள்.

முதலாளியிடம், விண்ணப்பம் போட்டதற்கான ரசீது கையில் வந்த பிறகு வருகிறேன் என்று சொல்லுங்கள். ஒழுங்காகக் கடை நடத்துபவராக இருந்தால் அவரே அந்தக் காகிதத்தைக் கேட்பார்.