வாசகர் கேள்வி – பதில்: விலைக்கு வரும் முகவரிகள்

கேள்வி: மருதமுனைக் கைத்தறிச் சாறிகளை இணையத்தில் விற்கிறேன். விளம்பரம் அனுப்புவதற்குப் பத்தாயிரம் மின்னஞ்சல் முகவரிகளை ஒருவர் விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகி, மருதமுனை

பதில்: வேண்டாம். உங்களை அறியாதவர்கள் அம்மடலைத் திறப்பதைவிட ‘ஸ்பாம்’ என்று குறிப்பதற்கே வாய்ப்பு அதிகம். மொத்தமாக மடல் அனுப்புவோர் மீதான அத்தகைய முறைப்பாடுகள் 0.3 வீதத்தை எட்டக் கூடாது என்பது 2024ஆம் ஆண்டிலிருந்து ஜிமெயிலின் விதி. ஆயிரத்துக்கு மூவர் முறையிட்டாலே, உங்கள் பழைய வாடிக்கையாளருக்குப் போகும் மடல்களும் சேர்ந்து குப்பைப் பெட்டிக்குள் விழக்கூடும். கனடாவிலோ 2014 முதல், சம்மதமின்றி வணிக மின்னஞ்சல் அனுப்புவதே சட்டவிரோதம். புலம்பெயர்ந்த உறவுகளுக்குத்தானே நம்மவர்கள் அதிகம் விற்க விரும்புகிறார்கள்!

சாறியோடு வைக்கும் பற்றுச்சீட்டின் அடியில், “தறியிலிருந்து புதிய நிறம் இறங்கும்போது முதலில் உங்களுக்கு அறிவிக்கலாமா?” என்று கேட்டு, முகவரி எழுத ஒரு கோடு விடுங்கள். வெறுமனே ‘பதிவு செய்யுங்கள்’ என்றால் எவரும் அசைய மாட்டார்கள். முகவரி கிடைத்ததும் உறுதிப்படுத்தும் மடல் ஒன்றை அனுப்பி, அதிலுள்ள இணைப்பை அழுத்தியவர்களை மட்டும் பட்டியலில் சேருங்கள். எழுத்துப் பிழையான முகவரிகள் அங்கேயே கழிந்துவிடும். விலகுவதற்கான இணைப்பை ஒவ்வொரு மடலிலும் வையுங்கள். மாதம் ஒரு மடல் போதும்.