தீபாவளிக்கு ரீபாண்டிங், கல்யாணத்துக்குச் செம்பு நிறம்: சலூனில் எப்போது சொல்லி வைப்பது?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். இடுப்பு வரை சுருட்டை முடி. தீபாவளிக்கு முன் ரீபாண்டிங் செய்து முடியை நேராக்கிக்கொண்டு செம்பு நிற ஹைலைட்ஸும் போட ஆசை. டிசம்பர் தொடக்கத்தில் தம்பிக்குக் கல்யாணம். அம்மாவுக்கு நரைக்கு டை அடிக்க வேண்டும், பையன்கள் இருவருக்கும் முடி வெட்ட வேண்டும். போன வருடம் ஒரு வாரம் முன்னால் கேட்டேன், எங்கும் இடம் கிடைக்கவில்லை. இந்த முறை எத்தனை வாரம் முன்பே சொல்லி வைக்க வேண்டும்?

பதில்: நாள்காட்டியை எடுப்பதற்கு முன் உங்கள் பின்னலின் நுனியை எடுத்துப் பாருங்கள். தலைமுடி மாதத்துக்கு ஒன்று அல்லது ஒன்றேகால் சென்டிமீட்டர் வளரும். 60 செ.மீ. நீளம் என்றால் நுனியில் தொங்குவது நான்கு வருடத்துக்கு முந்திய முடி. மூன்று வருடம் முன்பு யாருடைய கல்யாணத்துக்காவது கறுப்பு மருதாணி பூசியிருந்தால் அது உங்களுக்கே மறந்து போயிருக்கும். ஆனால் கடைசி 15 செ.மீ.யில் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது. எத்தனை வாரம் தேவை என்பதைத் தீபாவளித் தேதியைவிட இதுதான் முடிவு செய்யும்.

சுத்தமான மருதாணி இலைப்பொடி செம்பட்டையாகத்தான் பிடிக்கும். அரை மணி நேரத்தில் கருகருவென்று ஆக்கும் பொடியில் வேறு சாயம் கலந்திருக்கிறது, பெரும்பாலும் கறுப்பு டையில் இருக்கும் பிபிடி என்ற ரசாயனம். சிலவற்றில் உலோக உப்பும் இருக்கும். உலோக உப்பு ஏறிய முடியில், ஹைலைட்ஸுக்காக முடியை வெளுக்கும் ப்ளீச் பட்டால் சூடு கிளம்பி முடி பாதியில் அறுந்து விழும். சலூனில் இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. பிடரிக்கு அடியில், வெளியே தெரியாத இடத்தில், தீக்குச்சிப் பருமனுக்கு ஒரு கற்றை வெட்டி ஒரு முனையை டேப்பால் ஒட்டுவார்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் 30 மில்லி 6 சதவீத பெராக்சைடு, அதில் 20 சொட்டு அம்மோனியா. கற்றையை அதில் அரை மணி நேரம் போட்டு வைக்க வேண்டும். நுரை பொங்கினாலோ, கிண்ணம் சுட்டாலோ, நாற்றம் எழும்பினாலோ, முடி சூயிங்கம் போல இழுபட்டாலோ அந்த நீளம் வெட்டுப்பட்டு வெளியேறும் வரை ப்ளீச், ரீபாண்டிங் எதுவும் வேண்டாம். வீட்டில் செய்து பார்க்காதீர்கள், அம்மோனியா கண்ணைக் கெடுக்கும். சோதித்துத் தரச் சொன்னால் முகம் சுளிக்கிற கடைக்கு அவ்வளவு நீள முடியை ஒப்படைக்காமல் இருப்பது நல்லது.

அடுத்தது உங்கள் ஆசைப் பட்டியல். ரீபாண்டிங் கிரீமில் உள்ள தயோகிளைக்கோலேட் முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை அறுக்கிறது. பிறகு அயர்ன் பிடித்து நேராக்கி, நியூட்ரலைசர் போட்டு மறுபடி கட்டுகிறார்கள். ப்ளீச் அதே முடியை இன்னொரு பக்கமிருந்து தின்கிறது. ஒரே கற்றைக்கு இரண்டும் என்றால் ஈரத்தில் ரப்பராக நீண்டு, காய்ந்தால் துடைப்பமாக நிற்கும். ஆகவே நேர் முடியா, பளிச்சென்ற செம்பா, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் விட மனமில்லை என்றால் நடுவழி ஒன்று இருக்கிறது. முதலில் ரீபாண்டிங், குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி (மூன்று என்றால் இன்னும் நல்லது), பிறகு ப்ளீச் இல்லாமல் செம்பு டின்ட். கறுப்பு முடியில் இது வீட்டுக்குள் காப்பி நிறமாகவும் வெயிலில் செம்பாகவும் தெரியும். படத்தில் பார்க்கிற புதுச் செப்புக்குட நிறம் வராது. ஏற்கெனவே கறுப்பு டை ஏறிய பகுதியில் இதுவும் தெரியாது, டை மேல் டை போட்டு வெளுக்க வைக்க முடியாது.

வரிசையை மாற்றாதீர்கள். முதலில் நிறம் போட்டுவிட்டு ரீபாண்டிங் செய்தால் கிரீமே பாதி நிறத்தைத் தூக்கிவிடும், கொடுத்த காசு தண்ணீரோடு போகும்.

இனி தீபாவளியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். எட்டு வாரம் முன்பு ஒரு தடவை நேரில் போய்க் காட்டுங்கள். சோதனை, விலை, முன்பணம் எல்லாம் அன்றைக்கே பேசி முடியட்டும். ரீபாண்டிங் ஆறு வாரம் முன்பு, டின்ட் மூன்று வாரம் முன்பு, நுனி ட்ரிம் வேண்டுமானால் டின்ட் அன்றே. ரீபாண்டிங் முடிந்த மூன்று நாளும் தலையை நனைக்காமல், கட்டாமல், காதுக்குப் பின்னால்கூடச் செருகாமல் விட வேண்டும். வேலைக்குத் தலைமுடியைக் கட்டித்தான் போக வேண்டும் என்றால் லீவு நாளைப் பார்த்து வையுங்கள். கட்டியதால் விழும் மடிப்பு நின்றுவிட்டால் அடுத்த ரீபாண்டிங் வரை போகாது.

இடுப்பு வரை அடர்த்தியான முடிக்கு ஐந்து, ஆறு மணி நேரம் ஆகும். 'சனிக்கிழமை ரீபாண்டிங்' என்று மட்டும் சொல்லி வைத்தால் போதாது. காலையில் கடை திறந்ததும் முதல் ஆள் நீங்கள், தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே கை என்று பேசிக்கொள்ளுங்கள். கூட்ட நேரத்தில் ஒருவரே மூன்று தலையைப் பார்ப்பார். கிரீம் பத்து நிமிடம் கூடுதலாக ஊறிப்போவது அப்போதுதான்.

எந்த நாள் என்பதற்கு நம் ஊர்க் கணக்கு ஒன்று இருக்கிறது. மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். அதை ஒட்டி வரும் சனி, ஞாயிறில் தோட்டத்துச் சனமும் தாமான் சனமும் ஒன்றாகத்தான் டவுனுக்கு வரும். செவ்வாய், வெள்ளியில் முடி வெட்டக்கூடாது என்று பல வீடுகளில் பார்ப்பதால் அந்த நாட்களில் நாற்காலி காலியாகக் கிடக்கும். டை அடிப்பது வெட்டுவதில் சேராது என்று அம்மா ஒத்துக்கொண்டால் செவ்வாயைப் பிடியுங்கள், கடைக்கு அன்று விடுமுறையா என்று மட்டும் கேட்டுக்கொண்டு.

சொல்லி வைக்கும்போது வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புவது பிறகு தகராறைக் குறைக்கும். இப்படி: 'இடுப்பு வரை, சுருட்டை, அடர்த்தி. ரீபாண்டிங் இதுவரை செய்ததில்லை. மூன்று வருடம் முன்பு கறுப்பு மருதாணி இரண்டு முறை. முதலில் சோதனை, பிறகு ரீபாண்டிங், மூன்று வாரம் கழித்துச் செம்பு டின்ட். இந்த நீளத்துக்கு மொத்தம் எத்தனை வெள்ளி?' கூடவே பகல் வெளிச்சத்தில் பின்னாலிருந்து எடுத்த படம் ஒன்று. நீளத்துக்கு, அடர்த்திக்கு என்று கூடுதல் பணம் கேட்பது வழக்கம். அதை நாற்காலியில் உட்கார்ந்து தலை நனைந்த பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ளாதீர்கள்.

அம்மாவுக்குத் தீபாவளிக்கு எட்டிலிருந்து பத்து நாள் முன்பு சரியாக இருக்கும். தீபாவளிக்கு முந்திய நாள் அடித்தால் விடியற்காலை எண்ணெய்க் குளியலில் சீயக்காய் போட்டுத் தேய்க்கும்போது புது நிறம் மங்கும், நெற்றியோரக் கறையும் படத்தில் விழும். நரைக்கு 6 சதவீத டெவலப்பர் (டையோடு கலக்கும் பெராக்சைடு) போதும், 35 முதல் 45 நிமிடம். நேரத்துக்கு முன் கழுவினால் காதோர நரை முதலில் எட்டிப் பார்க்கும். டை அடிக்க 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், பல வருடமாக அடிக்கிறவராக இருந்தாலும். கறுப்பு மருதாணியில் அரிப்போ கொப்புளமோ வந்தவர் என்றால் சலூனில் அதை மறைக்கக்கூடாது. வீட்டிலேயே அடிப்பதாக இருந்தால் பெட்டியில் என்.ஓ.டி. (NOT) என்று தொடங்கும் எண்ணைத் தேடுங்கள். மலேசியாவில் விற்கும் அழகுசாதனப் பொருளுக்கு அந்த அறிவிப்பு எண் வேண்டும்.

தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் நான்கைந்து வாரம் போய்விடும், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வெள்ளை வேர் தெரியும். அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு இன்னொரு நாளை இப்போதே சேர்த்துப் பதிவு செய்துவிடுங்கள். உங்கள் சுருட்டை வேருக்கு மறுபடி ரீபாண்டிங் தேவைப்படாது, அன்று காலை ப்ளோ-ட்ரை போதும்.

நீங்களும் எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் இருக்கப் போவதில்லை. உச்சியில் மூன்று சொட்டு வைத்துச் சாங்கியத்தை முடித்து, சீயக்காய்க்குப் பதில் மென்மையான ஷாம்பூ ஒரு தடவை. ரீபாண்டிங்குக்கு முந்திய இரண்டு நாள் தேங்காய் எண்ணெயும் வேண்டாம், கிரீம் சீராகப் பிடிக்காது.

பையன்களுக்கு நான்கு, ஐந்து நாள் முன்பு வெட்டினால் போதும். பக்கவாட்டில் ஃபேட் (கீழே போகப் போக முடியைக் குறைக்கும் வெட்டு) வைக்கிற பெரியவனுக்கு மூன்று நாள், அது சீக்கிரம் வளர்ந்து கோடு அழிந்துவிடும். நிறம் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஒரு கழுவலில் போகும் ஸ்ப்ரே வாங்கிக் கொடுங்கள். பள்ளிக்கூடத்தில் சாயம் போட்ட முடியை விடமாட்டார்கள்.