வாசகர் கேள்வி – பதில்: கிரீடம் ஒருத்தருக்கு, சேர் 8,000 பேருக்கு

இந்த வாரம் வந்த லெட்டர்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். பிரிட்டன் ராஜா சார்லஸோட 2023 முடிசூட்டு விழா வீடியோ மறுபடி எங்கேயோ சுத்திக்கிட்டு இருக்கு போல, "அந்த வரிசையில உக்காந்திருக்கிறது யாரு, இவர் ஏன் வரல"ன்னு ஆளாளுக்கு கேட்டிருக்கீங்க. சரி, இந்த வாரம் முழுக்க அதுவே.

கேள்வி: ஒரு ராஜா முடிசூட்டுக்கு இன்னொரு நாட்டு ராஜா போகவே மாட்டாராமே? அப்ப 2023ல வந்து உக்காந்தவங்க எல்லாம் யாருங்க?

நீங்க கேள்விப்பட்டது சரிதான், ஆனா அது பழைய கதை. பிரிட்டன்ல ரொம்ப காலமா வெளிநாட்டு ராஜா ராணிங்க நேர்ல வராம பட்டத்து இளவரசரையோ தம்பியையோ அனுப்பி வைக்கிறதுதான் வழக்கமா இருந்துச்சு. இது ராஜாவுக்கும் கடவுளுக்கும் அவரோட ஜனங்களுக்கும் நடுவுல நடக்கிற சடங்கு, இதுல வெளி ராஜாவுக்கு என்ன வேலைன்னு காரணம் சொல்லுவாங்க. எனக்கென்னவோ ஒரே கூரைக்குக் கீழ பத்து கிரீடம் சேர்ந்தா யார் முன்னாடி நடக்கிறது யார் பின்னாடி நடக்கிறதுன்னு வர்ற பஞ்சாயத்துக்குப் பயந்துதான்னு தோணுது. 1937ல ஆறாம் ஜார்ஜ் முடிசூட்டுக்கு ஜப்பான் சக்கரவர்த்தி தன் தம்பி சிச்சிபுவை அனுப்பினாரு, 1953ல எலிசபெத் ராணி முடிசூட்டுக்கு 19 வயசு மகன் அகிஹிதோவை அனுப்பினாரு, நார்வேலேந்து இளவரசர் ஓலவ் வந்தாரு, இப்படியே ஓடிச்சு.

சார்லஸ்தான் இதை விட்டாரு. 2023 மே 6ஆம் தேதி ஸ்பெயின் பெலிப்பே, நெதர்லாந்து வில்லம் அலெக்சாண்டர், பெல்ஜியம் பிலிப், ஸ்வீடன் கார்ல் குஸ்டாவ், ஜோர்டான் அப்துல்லா, பூடான் ராஜா, தாய்லாந்து ராஜான்னு ஒரு கூட்டமே நேர்ல வந்துடுச்சு. நார்வேயும் டென்மார்க்கும் பழையபடி பட்டத்து இளவரசரை அனுப்பிச்சாங்க. ஜப்பானைப் பாருங்க, சக்கரவர்த்தி நருஹிதோ 2022ல எலிசபெத் ராணியோட இறுதிச் சடங்குக்கு நேர்ல வந்தவரு, ஆனா முடிசூட்டுக்கு தம்பி அகிஷினோதான் வந்தாரு.

கேள்வி: அப்படின்னா 1953ல மழையில நனைஞ்சுக்கிட்டே ஊர்வலம் போன டோங்கா ராணி எப்படி வந்தாங்க? அவங்களும் ராணிதானே?

அருமையா மடக்கிட்டீங்க! ராணிதான், ஆனா டோங்கா அப்போ பிரிட்டிஷ் பாதுகாப்புல இருந்த பசிபிக் தீவு நாடு, அதனால சலோட்டே ராணியை 'வெளிநாட்டு' கணக்குல சேர்க்கல. மலாய் சுல்தான்கள் வந்ததும் இதே ரூட்லதான். சொந்தத்துக்கும் அந்நியத்துக்கும் நடுவுல ஒரு வரிசை போட்டு உக்கார வச்ச மாதிரி.

ஆனா அன்னைக்கு லண்டன் ஜனங்க மனசுல நின்னது இவங்கதான். ஜூன் 2ஆம் தேதி, கொட்டுற மழை, முடிசூட்டு நடக்கிற வெஸ்ட்மின்ஸ்டர் அபேங்கிற சர்ச்சுல விழா முடிஞ்சு ஊர்வலம் திரும்புது, வண்டிங்க எல்லாம் மேல மூடிக்கிட்டு போகுது, உள்ள யாரு இருக்கானே தெரியல, ராத்திரி பூரா ரோட்டோரத்துல படுத்துக்கிடந்த ஜனங்க வெறும் வண்டிக் கூரையைப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. அப்போ ஒரே ஒரு வண்டி திறந்தபடி வருது, அதுல ஆறடிக்கு மேல உசரமா ஒரு அம்மா, சொட்டச் சொட்ட நனைஞ்சுக்கிட்டே சிரிச்ச முகமா ரெண்டு பக்கமும் கையாட்டிக்கிட்டு! பெரியவங்களுக்கு மரியாதை செய்யிற இடத்துல தன் தலையை மூடிக்கக்கூடாதுங்கிறது டோங்கா வழக்கமாம். கூட உக்காந்திருந்த மலாய் பக்கத்து கெலந்தான் சுல்தானைத்தான் நினைச்சா பாவமா இருக்கு, அவருக்கு அந்த வழக்கம் எல்லாம் இல்ல, ஆனாலும் சேர்ந்து நனைஞ்சாரு. 2023ல டோங்கா சார்பா வந்த ராஜா ஆறாம் துபோ இந்த அம்மாவோட பேரன்தான்.

கேள்வி: நம்ம ஆளுங்க யார் யார் போனாங்க?

1953ல நேரு போனாரு. இந்தியா அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே குடியரசாயிடுச்சு, ராணிக்கும் நமக்கும் ஆட்சி சம்பந்தம் இல்ல, காமன்வெல்த் பிரதமர்ங்கிற முறையில போனாரு. இலங்கை கதை வேற, அப்போ எலிசபெத்துதான் அவங்களுக்கும் ராணி, பிரதமர் டட்லி சேனநாயக்க போனாரு. ராணி அன்னைக்குப் போட்டிருந்த கவுன்ல காமன்வெல்த் நாடுங்களோட பூ, இலைன்னு அடையாளங்களை எம்பிராய்டரி பண்ணியிருந்தாங்க, இந்தியாவுக்கும் தாமரை இலங்கைக்கும் தாமரை. 2023ல இந்தியாவிலேந்து துணை ஜனாதிபதி ஜக்தீப் தன்கர், இலங்கையிலேந்து ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க.

இன்னொரு கூத்து, 1953ல வந்த பிரமுகர்களுக்கு எல்லாம் குதிரை வண்டி கொடுக்கணும், அரண்மனை லாயத்துல அத்தனை வண்டி இல்ல, கடைசியில ஒரு சினிமா கம்பெனிகிட்ட இரவல் வாங்கி ஓட்டியிருக்காங்க.

கேள்வி: பைடன் வராதது சார்லஸுக்கு அவமானம் இல்லையா?

இல்லீங்க. எந்த அமெரிக்க ஜனாதிபதியும் எந்தக் காலத்திலயும் பிரிட்டிஷ் முடிசூட்டுக்குப் போனதே இல்ல. 1953ல ஐசனோவர் போகாம ஜார்ஜ் மார்ஷலை அனுப்பினாரு, மார்ஷல் திட்டம்னு படிச்சிருப்பீங்களே, அதே மார்ஷல். பைடன் தன் மனைவியை அனுப்பினாரு. இதுல புதுசா புண்பட ஒண்ணுமில்ல.

கேள்வி: கூப்பிடாம விட்ட நாடுங்க உண்டா?

உண்டு. 2023ல ரஷ்யா, பெலாரஸ், மியான்மர், சிரியா எல்லாம் லிஸ்ட்லயே இல்ல. வட கொரியாவுக்கு அழைப்பு போச்சு, ஆனா தூதர் லெவல்ல மட்டும். நம்ம கல்யாணத்துல "பத்திரிகை வச்சாச்சு, வீட்டோட வரச் சொல்லல"ம்போமே, அந்தக் கதை. பெரிய சத்தம் வந்தது சீனா விஷயத்துல. அவங்க அனுப்பின துணை அதிபர் ஹான் ஜெங், 2020ல ஹாங்காங்ல எதிர்ப்புக் குரலை அடக்கின பாதுகாப்புச் சட்டம் வந்தப்போ ஹாங்காங் விவகாரங்களைப் பாத்துக்கிட்டவரு, அதனால பிரிட்டிஷ் எம்பிக்களே கொதிச்சாங்க. விருந்துக்குக் கூப்பிடுற நாட்டைத்தான் நாம முடிவு பண்ணலாம், அங்கேந்து யார் வர்றாங்கன்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க.

கேள்வி: கங்கைத் தண்ணியோட லண்டன் போன மகாராஜா யாரு?

ஜெய்ப்பூர் ரெண்டாம் மாதோ சிங். 1902, ஏழாம் எட்வர்ட் முடிசூட்டு. கடல் தாண்டினா தீட்டுன்னு நம்பினவரு, ராஜா கூப்பிட்டா போகாமலும் இருக்க முடியாது. என்ன பண்ணாருன்னா ஆளுயரத்துக்கு வெள்ளி ஜாடிங்க செஞ்சு, ஒவ்வொண்ணுலயும் சுமார் 4,000 லிட்டர் கங்கை ஜலம் ரொப்பி, ஒலிம்பியாங்கிற கப்பல்ல ஏத்திக்கிட்டு போயிட்டாரு! காலி ஜாடியே ஒண்ணு 345 கிலோ. ஜெய்ப்பூர் சிட்டி பேலஸ்ல இன்னைக்கும் நிக்குது, அந்தப் பக்கம் போனா பாத்துட்டு வாங்க.

இவ்வளவு பாடுபட்டுப் போய் இறங்கினா, ஜூன் 26ஆம் தேதி விழா, 24ஆம் தேதி ராஜாவுக்கு குடல்வால் ஆபரேஷன். எல்லாம் தள்ளி வச்சாச்சு. உலகம் பூரா இருந்து வந்த இளவரசர்கள்ல நிறைய பேர் பெட்டியைக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போயிட்டாங்க, விருந்துக்குத் தயார் பண்ணின காடை உட்பட அத்தனை சாப்பாடும் லண்டன்ல ஒயிட்சேப்பல் பக்கம் ஏழைங்களுக்குப் போச்சு. என்னைக் கேட்டா அந்த விழாவுக்காகச் செஞ்சதுலயே உருப்படியான காரியம் அதுதான். ஆகஸ்ட் 9ஆம் தேதி, கூட்டம் குறைஞ்சு, விழா நடந்துச்சு.

கேள்வி: விருந்தாளிங்களுக்கு என்ன சாப்பாடு போட்டாங்க? (சமையல் பைத்தியம் ஒருத்தி கேக்குறேன்!)

1953ல வெளிநாட்டு விருந்தாளிங்களுக்குன்னு ஒரு ஐட்டம் புதுசா கண்டுபிடிச்சாங்க. வேக வச்ச கோழியை ஆற விட்டு, மயோனைஸ், ஆப்ரிகாட், கொஞ்சம் கறி பவுடர் போட்டுக் கலந்தது, பேரே 'கொரோனேஷன் சிக்கன்'னு நிலைச்சிடுச்சு, இன்னைக்கும் இங்கிலாந்துல சாண்ட்விச்சுக்குள்ள வச்சு விக்கிறாங்க. ஜில்லுன்னு ஒரு கோழிக் குழம்புன்னு நினைச்சுக்குங்க. செஞ்சு பாத்துட்டு என்னைத் திட்டக்கூடாது.

கேள்வி: சொந்தப் பையன் ஹாரியை மூணாவது வரிசையில உக்கார வச்சது நியாயமா?

உள்ள விட்டாங்களேன்னு சந்தோஷப்படணும். 1821ல நாலாம் ஜார்ஜ் தன் மனைவி கரோலினையே உள்ள விடல. ராணி வாசல் வாசலா போய் நிக்கிறாங்க, டிக்கெட் எங்கேன்னு கேக்குறாங்க, கதவைச் சாத்துறாங்க. காவலுக்கு குத்துச்சண்டை பயில்வான்களை வேற வேஷம் போட்டு நிறுத்தியிருந்தாரு அந்தப் புண்ணியவான். மூணு வாரம்கூட ஆகல, அந்த அம்மா செத்தே போயிட்டாங்க. ஹாரிக்கு சீட்டு இருந்துச்சு, முன்னாடி உக்காந்த அத்தை ஆனோட தொப்பி இறகுதான் மறைச்சுது.

கேள்வி: 1953ல 8,000 பேருக்கு மேல வந்தாங்களாம், 2023ல 2,200 சொச்சம்தானாம். ஏன் இந்தக் குறைச்சல், அத்தனை சேரை அப்புறம் என்ன பண்ணாங்க?

அபே அதே அபேதான். 1953ல மாசக்கணக்கா அதை மூடி, உள்ள சர்க்கஸ் கேலரி மாதிரி அடுக்கடுக்கா மேடை கட்டி உக்கார வச்சாங்க, இந்தத் தடவை அதெல்லாம் வேணாம்னு விட்டுட்டாங்க. சேரைப் பொறுத்தவரைக்கும், உக்காந்தவங்களே விலைக்கு வாங்கிக்கலாம்னு சொல்லிட்டாங்க, நிறைய பிரபுக்கள் காசு கொடுத்து வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க.